டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: ஒரு வைத்தியரும் சில விவாகச் சட்டங்களும்

வைத்தியர், பழைய மாணவி, நற்பிட்டிமுனை

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் தொலைபேசியில் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ டெங்கு பற்றியோ நான் எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர்களிடம் மலர்களுக்கு வழமையாகக் கேட்பது அதைத்தான். நானும் அதையே எழுத உட்கார்ந்தேன். ஆனால் பாடசாலையை நினைத்தவுடன் வேறொரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கடமையாற்றிய ஓரிடத்தில், தாய்மார் கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வந்தாள். அட்டையில் வயது என்ற இடத்தில் 15 என்று எழுதியிருந்தது. கூட வந்திருந்த உம்மா என்னைவிட இளையவர். இரத்த அழுத்தம் பார்த்தேன். உடலில் இரத்தம் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை எழுதிக் கொடுத்தேன். எதுவரை படித்தாய் என்று கேட்டேன். தரம் 10 என்றாள். அவளுடைய விவாகம் முறைப்படி நடந்து முறைப்படி பதிவு செய்யப்பட்டிருந்தது. அதில் எவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. என் மனத்தை நெடுநாள் உறுத்தியது அந்தக் கடைசி விடயம்தான்.

யார், யாரை, எந்த வயதில் மணக்கலாம் என்று அரசுகள் எழுதும் சட்டங்கள் நம்மில் பலருக்கு விவாகப் பதிவாளர் வீட்டுக்கு வரும் ஒரு நாளோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு வைத்தியரின் பிறப்பு, படிப்பு, திருமணம், பொதுவாழ்வு அனைத்தையும் அந்தச் சட்டங்கள் தொட்டிருக்கின்றன. அவற்றைத் தன் கையாலும் மாற்ற முயன்றவர் அவர். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வந்த நம்மூர்க் குடும்பங்கள் சில அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கும். அவருடைய வாழ்க்கையை நம் மாணவிகளும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி, அன்று மன்னராட்சியின் கீழ் இருந்த புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். பொட்டுக்கட்டுதல் என்பது சிறுமியைத் தெய்வத்துக்கு மணம் செய்து கொடுப்பதாகும். அப்படிக் கட்டப்பட்டவள் பின்னர் ஒரு மனிதனுக்குச் சட்டப்படி மனைவியாக முடியாது. அவளுக்குப் பிள்ளைகள் பிறக்கலாம். ஆனால் கணவன் என்று ஒருவன் இருக்க முடியாது. சந்திரம்மாளோடு வாழ்வை அமைத்துக்கொண்டதற்காக நாராயணசாமியை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தார்கள். யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வி அந்த வீட்டு வாசலில் பிள்ளை பிறக்கும் முன்பே வந்து நின்றது.

பிள்ளை கெட்டிக்காரி. காலத்தோடு கலியாணம் செய்து வைக்கத் தாய் விரும்பினார். தந்தையோ படிக்க வைக்க விரும்பினார். பருவமடைந்த பின் பெண்பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது அந்நாளில் வழக்கமில்லை என்பதால் வீட்டில் இருந்தே பாடம் படித்து 1902 இல் மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியடைந்தார். அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பின்னரே 1904 இல் உள்ளே போக முடிந்தது. அக்கல்லூரியின் முதலாவது மாணவி அவரே.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூரில் உள்ள அரசாங்க மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியரானார். அந்தப் பதவிக்கு வந்த முதலாவது பெண் அவர். அங்கே பிள்ளை பெற வந்த சிறுமிகளைக் கண்டது, பிற்காலத்தில் சட்டசபையில் அவர் பேசிய பேச்சுக்களுக்கு அடித்தளமாக இருந்தது.

தன் திருமணம்

டாக்டர் சுந்தர ரெட்டி என்ற வைத்தியர் மணம் பேசி வந்தபோது முத்துலட்சுமி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்தார். அவர் சம்மதித்த பின்னரே 1914 ஏப்ரலில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு 27 வயது நிறைந்திருந்தது. அந்த நாளின் கணக்கில் அது மிகவும் பிந்திய வயது.

இந்தத் திருமணம் 1872 ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தின் கீழ் நடந்தது. பிரம்ம சமாசத்தைச் சேர்ந்த கேசவ சந்திர சென் முதலானோரின் முயற்சியால் பிறந்த சட்டம் அது. சாதி வேறாக இருந்தாலும் இருவர் பதிவாளர் முன் மணக்கலாம். ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது. இத்தனை நல்ல விதிகளோடு ஒரு கடினமான விதியும் இருந்தது. மணமக்கள் இருவரும் தாம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்த, பார்சி, சீக்கிய, சமண, யூத மதங்களில் எதையும் பின்பற்றாதவர்கள் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெவ்வேறு சமூகங்களில் பிறந்த இரண்டு வைத்தியர்கள் சட்டப்படி கணவன் மனைவியாவதற்கு, மதமே இல்லாதவர்களாகத் தங்களை அறிவிக்க வேண்டியிருந்தது. இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் தமக்குள்ளே மணப்பதற்கு அந்த அறிவிப்புத் தேவையில்லை என்ற திருத்தம் 1923 இல்தான் வந்தது. மதத்தை விடாமலே எந்த மதத்தவரும் எந்த மதத்தவரையும் பதிவாளர் முன் மணக்கலாம் என்ற சட்டம் 1954 வரை காத்திருந்தது.

சட்டசபையில் ஒரு வைத்தியர்

பிள்ளைகள் இருவரையும் வளர்த்துக்கொண்டு தொழிலையும் நடத்தினார். 1925 இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேலும் படிக்க இலண்டன் சென்றார். திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதலாவது பெண் அவர். 1927 இல் சபையின் துணைத் தலைவராக எதிர்ப்பின்றித் தெரிவு செய்யப்பட்டார். பெண்பிள்ளைகளின் படிப்பு, பாடசாலைகளில் வைத்தியப் பரிசோதனை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி என்று அவர் அங்கே எழுப்பிய விடயங்கள் பல. நான் இங்கே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, விவாக வயது. 1860 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில், மனைவியாக இருந்தாலும் 10 வயதுக்குக் குறைந்த சிறுமியைக் கணவன் தீண்டக்கூடாது என்றிருந்தது. கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவன் வீட்டில் இறந்த பிறகு, 1891 இல் அது 12 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண், 11 வயதில் தனக்குச் செய்து வைத்த திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் நின்றார். கணவனிடம் போகாவிட்டால் சிறை என்று 1887 இல் தீர்ப்பானபோது சிறைக்குப் போகத் தயார் என்றார். பின்னர் இலண்டனில் படித்து அவரும் வைத்தியரானார். ஆனால் இந்தச் சட்டங்கள் எதுவும் எந்த வயதில் மணம் செய்யலாம் என்று சொல்லவில்லை.

1928 இல் முத்துலட்சுமி, பெண்ணின் விவாக வயது 16, ஆணின் வயது 21 ஆக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் சென்னைச் சபையில் கொண்டுவந்தார். சாத்திரத்தைக் காட்டி எதிர்த்தவர்களுக்கு, அவர் பிரசவ விடுதியைக் காட்டினார். இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத உடலில் பிள்ளை சிக்கிக்கொள்வதையும், வலிப்பு வருவதையும், எடை குறைந்து பிறக்கும் பிள்ளை சில நாட்களில் இறப்பதையும் கண்ட ஒருவர் பேசுவது வேறு வகையான பேச்சு. இன்றும் எங்கள் பாடப்புத்தகங்களில் இளவயதுக் கர்ப்பத்தின் ஆபத்துகள் என்று இருப்பவை இவைதான்.

மத்திய சட்டசபையில் ஹர் பிலாஸ் சார்தா கொண்டுவந்த சட்டம் 1929 இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. முத்துலட்சுமி கேட்டதைவிடக் குறைவு. ஆனாலும் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்திய முதலாவது விவாக வயது அது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பும் இருந்தது, ஆதரவும் இருந்தது. முகம்மது அலி ஜின்னா சபையில் ஆதரித்தார். ஷரீஃபா ஹமீத் அலி போன்ற முஸ்லிம் பெண்கள் வெளியே ஆதரித்துப் பிரசாரம் செய்தார்கள்.

சட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். வயது குறைந்த திருமணத்தை நடத்தியவர்களுக்கு ஒரு மாதம் வரை சிறையும் 1000 ரூபா வரை தண்டப்பணமும் விதிக்கலாம். ஆனால் நடந்த திருமணம் செல்லும். சட்டம் நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் இருந்த ஆறு மாதத்தில், வாசல் மூடும் முன் புகுந்துவிட வேண்டும் என்பதுபோல் எத்தனையோ சிறுமிகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் முடித்தார்கள். சட்டம் எழுதுவது பாதி வேலை என்பதை முத்துலட்சுமியின் தலைமுறை அங்கே கற்றுக்கொண்டது.

பொட்டுக்கட்டும் வழக்கம்

இரண்டாவது விடயம் அவருடைய தாயின் சமூகத்தைப் பற்றியது. பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1927 இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் பெண்கள் கோயிலில் ஊழியம் செய்வதற்குப் பதிலாகக் கோயில் நிலத்தை அனுபவித்து வந்தார்கள். நிலம் போய்விடும் என்ற பயத்தாலேயே தாய்மார் மகள்மாருக்கும் பொட்டுக்கட்டினார்கள். ஆகவே ஊழியம் இல்லாமலே நிலம் அவர்களுக்கே சொந்தமாகும்படி 1929 இல் ஒரு சட்டம் வந்தது. வழக்கத்தைத் தடை செய்யுமுன், அதை விட்டு வெளியே வருபவள் எதைக் கொண்டு வாழ்வாள் என்று யோசித்த சட்டம் அது.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930 இல் கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர்களில் சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தார்கள். பெரியார் ஆதரித்தார். அந்தச் சமூகத்திலேயே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆதரவாகவும், பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிராகவும் நின்றார்கள். எதிர்த்த பெண்களுக்கும் காரணம் இருந்தது. இசையும் நடனமும் படிப்பும் சொத்துரிமையும் அவர்களிடம்தான் இருந்தன. அவற்றை இழந்து, பழிச்சொல் மட்டும் மிஞ்சிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் முழுவதும் வீணானது என்று சொல்ல முடியாது. அவர்கள் ஆடிய நடனம் பின்னர் பிறர் கைக்கு மாறிப் பெரும் மதிப்புப் பெற்றது. ஆடியவர்களுக்கு அந்த மதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. முத்துலட்சுமியை மதிப்பவர்களும் இதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி தன் பதவியைத் துறந்தார். மசோதா நின்றுபோனது. சட்டமாக வந்தது 1947 இல். அந்தச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. பொட்டுக்கட்டியது செல்லாது என்பதோடு, பொட்டுக்கட்டப்பட்டாள் என்ற காரணத்தால் எந்தப் பெண்ணும் சட்டப்படி மணம் செய்யும் தகுதியை இழந்தவளாகக் கருதப்படமாட்டாள் என்று அது சொல்கிறது. சார்தா சட்டம், இன்னும் மணக்கக் கூடாதவளைக் காப்பாற்ற வந்தது. இந்தச் சட்டமோ, மணக்கவே முடியாது என்று ஒதுக்கப்பட்டவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. சந்திரம்மாளின் மகள் இரண்டுக்கும் உழைத்தார்.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு வீடு

1930 இல், பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமிகள் சிலர் தங்க இடம் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சென்னையில் இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். இன்றுவரை அடையாறில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அன்று மனத்தில் விழுந்த எண்ணம் நிறைவேற முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1952 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 கட்டில்களோடு திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 ஆம் திகதி தமது 81 ஆவது வயதில் காலமானார். தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைத் திட்டம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

நமது கரையில்

இந்த வாழ்க்கையை வாசிக்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. யார் யாரை மணக்கலாம் என்பதற்குச் சட்டத்துக்கு முந்திய விதிகள் நம்மிடமும் உண்டு. ஒரே குடிக்குள் மணம் பேசக் கூடாது என்பது நற்பிட்டிமுனையில் தமிழருக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும். தாய்வழியில் வரும் குடி, மகளுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடு, பெண் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை என்று இரு சமூகங்களின் வழக்கமும் ஒன்றுபோலவே இருக்கிறது. வேறுபடுவது அரசின் சட்டம்தான்.

1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் பெண்ணின் குறைந்த வயது 12 என்றிருந்தது. ஐரோப்பியர், பறங்கியரின் மகளாக இருந்தால் மட்டும் 14. ஒரே நாட்டில் வளரும் பிள்ளைகளின் உடல் இனத்துக்கு ஏற்ப வேறுவேறு வேகத்தில் முதிர்கிறது என்று நம்பிய சட்டம் அது. 1995 இல் அதை 18 ஆக உயர்த்தினார்கள். ஆனால் இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் மணக்க வழியில்லை. நமக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இருந்தது. அச்சட்டத்தில் குறைந்த வயது எழுதப்படவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருந்தது. பதிவில் வலி கையொப்பமிடுவார். மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவை 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 1995 இல் கொடுத்த பாதுகாப்பும், 12 வயதைத் தாண்டி மனைவியாகிவிட்டவளை விட்டு விலகிவிட்டது.

இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. 2018 இல் அறிக்கை வந்தபோது குழு இரண்டாகப் பிரிந்து இரு வகையான பரிந்துரைகளைக் கொடுத்தது. மார்க்கத்தை அறிந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். நான் ஆலிமா அல்ல. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மொரோக்கோ 2004 இல் 18 என்றும், எகிப்து 2008 இல் 18 என்றும், இந்தோனேசியா 2019 இல் 19 என்றும் எழுதிக்கொண்டன என்பதும், அங்கேயும் தொழுகையும் நோன்பும் நிக்காஹும் குறைவின்றி நடக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். 15 வயது உடலில் பிள்ளை தங்கினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதில் மத வேறுபாடு இல்லை.

என் உம்மம்மா 13 வயதில் மணம் முடித்தவர். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பார். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது எனக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். வாப்பாவுக்குப் பாதி மனம் இருந்தது. அந்தக் கிழமை நம் பாடசாலை ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டமோ மார்க்கமோ பேசவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் என் பெயரைப் பதிந்துவிட்டதாகவும், திங்கட்கிழமை வகுப்புத் தொடங்குவதாகவும் சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்தேன்.

சட்டம் 18 என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும், நம் பகுதியில் பெண்பிள்ளையின் விவாக வயதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவள் பாடசாலையை விட்டு நின்ற நாள்தான். கிளினிக்குக்கு வந்த அந்தப் பிள்ளை தரம் 10 இல் நின்றபோது அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவளுக்குப் பிரசவம் சிரமப்பட்டு முடிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவள் திரும்பப் படிக்கவில்லை.

நூற்றாண்டைக் கொண்டாடும் நம் பழைய மாணவிகள் சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மண்டபமும் மதிலும் கட்டுவோம், நல்லது. அவற்றோடு, ஒவ்வொரு தவணையும் வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து பெயர் விடுபடும் மாணவிகளின் பட்டியலை அதிபரிடம் கேட்டு வாங்குவோம். அந்தந்தப் பகுதியில் இருக்கும் நம்மில் இருவர் அந்த வீட்டுக்குப் போவோம். கொப்பி, சப்பாத்து வாங்கக் காசில்லை என்றால் சங்கம் கொடுக்கட்டும். சம்பந்தம் பேசுகிறார்கள் என்றால், உயர்தரம் முடியும்வரை பொறுக்கும்படி மரியாதையோடு கேட்போம். நம்மில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், மிட்வைஃப்மார் இருக்கிறார்கள், மௌலவிமாரின் மனைவிமாரும் இருக்கிறார்கள். நம்மை வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள். கிளினிக் நாட்களான செவ்வாயும் வியாழனும் தவிர மற்ற நாட்களில் பின்னேரம் நான் வரலாம்.